குட்டை இழை

நாற்பதாம் நாள் காலையில் சுகிர்தா தன் கணவனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு மூன்று பேர் அவனைப் பார்க்க வருவார்கள். அவர்கள் எதிரில் அவன் முள்தாடியோடு கிடக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. முகம் தெளிவாக இருந்தால், உள்ளே ஆள் இருப்பதும் தெரிந்துவிடும் என்பதுபோல ஓர் அசட்டு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தவிர அவள் கையில் அப்போது வேறொன்றும் மிச்சமில்லை.

"வலது பக்கம் முடிஞ்சுதுங்க. இந்தப் பக்கம் திருப்பிக்கட்டுமா?"

பதில் இல்லை. கட்டிலின் தலைமாட்டில் இருந்த பேச்சுப் பெட்டியின் திரையில், நாற்பது நாளாக மாறாத அதே சாம்பல் எழுத்துகள்: சிக்னல் இல்லை.

பூபதி கால்நடை மருத்துவன். ஒன்றரை வருடத்துக்கு முன், கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் எருமைக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே சாய்ந்தான். மூளைத்தண்டில் அடைப்பு. அதன் பிறகு கண்ணிமைகூட அவன் பேச்சைக் கேட்கவில்லை. மூச்சு கருவியின் தயவில் ஓடியது. ஆனால் நினைவு முழுதாக இருந்தது. "வீடு நல்லா இருக்கு, வாசல்தான் அடைச்சுக்கிச்சு" என்றார் டாக்டர் வத்சலா.

கோவையின் அந்தப் பராமரிப்பு இல்லம் அப்படிப்பட்டவர்களுக்காகவே இருந்தது. தலைக்குள் மெல்லிய உணரி ஒன்றைப் பதிப்பார்கள். நோயாளி பேச நினைத்ததும் மூளையில் எழும் துடிப்பை அது பிடித்து, கண்ணாடி இழை வழியாகக் குறிச்சியில் இருந்த கணினிக் கூடத்துக்கு அனுப்பும். அங்கே ஒரு பெரிய இயந்திரம் துடிப்பைச் சொல்லாக்கித் திருப்பி அனுப்ப, கட்டிலருகே பெட்டி பேசும். ஒரு வருடம் பூபதி அப்படித்தான் பேசினான். தண்ணி என்றான். வலிக்குது என்றான். சுகி என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு மேலே ஒன்றும் சொல்லாமல் விட்டான். மற்றபடி, உடம்பு நன்றாக இருந்த காலத்தைப் போலவே, எல்லாவற்றுக்கும் "ம்".

இல்லத்தில் தொண்ணூற்றாறு இணைப்புகள்தான் உண்டு. காத்திருப்பவர்கள் நானூறு பேருக்கு மேல். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தொடர்ந்து நாற்பது நாள் சிக்னல் வராவிட்டால் உள்ளே மனம் இல்லை என்று பொருள். மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்த்துக் கையெழுத்திடும். இணைப்பு மூடப்படும். அதே நேரத்தில் மூச்சுக் கருவியும் நிற்கும். மூன்று வருடத்தில் பதினோரு பேருக்கு அப்படி நடந்திருந்தது.

அவர்களில் நான்காம் இணைப்பின் கோமதி டீச்சரைச் சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போனபோது டீச்சரின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள அம்மா இல்லைன்னு தெரிஞ்சப்பறந்தானுங்க்கா சம்மதிச்சோம். இல்லாட்டி மனசு வந்திருக்குமா?" என்றாள். அன்று அந்தச் சொல் ஆறுதலாகத்தான் இருந்தது.

இப்போது முப்பத்தேழாம் இணைப்பின் முறை. வெளியே வராந்தாவில் ஒரு தகப்பன் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வயது மகள் விபத்தில் கட்டையாகிக் கிடக்கிறாள். வரிசையில் அடுத்த பெயர் அவளுடையது. சுகிர்தா கடந்து போகும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவகாசம் கேட்டுச் சுகிர்தா மூன்று மனு எழுதியிருந்தாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்திருந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று.

கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பூபதியின் அக்கா சம்பூர்ணம் வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். தம்பி சாப்பிடமாட்டான் என்று தெரிந்தும் வரும்போதெல்லாம் எதையாவது சமைத்துக்கொண்டு வருவாள். இருபத்திரண்டு வருடம் நூற்பாலையில் நின்ற கால்கள். ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டே பேசுவாள்.

"அரிசீம்பருப்பு சாதம். நீயாவது ரெண்டு வாய் தின்னு அம்மிணி. மூஞ்சியப் பாரு, கருவாடாட்டம்."

"எறங்க மாட்டீங்குதுங்க நங்கையா."

சம்பூர்ணம் தம்பியின் மழித்த கன்னத்தைத் தடவினாள். அவள் கண்கள் பெட்டியின் திரைக்குப் போயின.

"ஏ அம்மிணி, இந்தப் பொட்டியில நீயும் என்னமோ பண்ணுனேன்னு என்ற தம்பி அன்னைக்கே சொன்னானே? இவ டிரைவர் எழுதறாள்னு. நாங்கூட லாரி டிரைவருக்கு என்னத்தையோ எழுதித் தர்றியாக்கும்னு நெனச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "பொட்டியில இல்லீங்க. குறிச்சியில ஒரு கார்டு இருக்குது. தொண்ணூத்தாறு கட்டில்ல இருந்தும் சிக்னல் அந்த ஒரே கார்டுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு நொடிக்குக் கோடிக்கணக்குல, சின்னச்சின்னப் பொட்டலமா. அந்தக் கார்டுக்குத் தன்னால ஒண்ணும் தெரியாதுங்க. எந்தப் பொட்டலத்தை வாங்கறது, எங்க வெக்கறது, எப்ப உள்ள இருக்கற மெஷினைக் கூப்பிடறதுன்னு பக்கத்துல நின்னு சொல்றதுதான் டிரைவர். கம்ப்யூட்டரோட அடிமடியில, கெர்னல்னு சொல்லுவாங்க, அங்க ஓடும். நான் எழுதி ஒம்பது வருஷமாச்சு."

"அத்தனை வேகத்துல வந்தா அள்ளிக் கட்ட முடியுமா?"

"முடியாமத்தான் முதல்ல திணறுச்சு. அப்பறம் நாந்தான் ஒரு வரி சேத்தேன். அறுபத்துநாலு பைட்டுக்குக் குறைஞ்ச பொட்டலம் வந்தா பிரிச்சுப் பாக்காதே, தள்ளிரு. எல்லாம் வெறும் இரைச்சல். அதுக்கப்பறந்தான் ஓடுச்சு. ஆபீஸ்ல கேக்கெல்லாம் வெட்டுனாங்க."

"அட, எங்க கோம்பர் மெஷினாட்டமே!" சம்பூர்ணத்தின் முகத்தில் ஒரு கணம் பழைய வேலை வந்து போனது. "அதும் இப்படித்தான். பஞ்சைச் சீப்புப் போட்டு வாரும். நீள இழையெல்லாம் முன்னால நூலுக்குப் போயிரும். குட்டை இழை பின்னால கழிவாப் போயி விழுகும்." நாற்காலி கிடைத்து உட்கார்ந்தாள். "ஆனா நாங்க கழிவை நிறுத்துப் பாப்போம் அம்மிணி. ஒவ்வொரு ஷிப்டுக்கும். எடை கூடிருச்சுன்னா சீப்பு நல்ல பஞ்சைத் தின்னுதுன்னு அர்த்தம். ஒருக்கா மூணு நாள் யாரும் நிறுக்காம விட்டு, பேல் பேலா நல்ல பஞ்சு கழிவுக்குப் போயிருச்சு. உன்ற கழிவை யாரு நிறுக்கறாங்க?"

சுகிர்தாவின் கையிலிருந்த கத்தி கழுவுதொட்டியில் விழுந்தது.

யாரும் நிறுக்கவில்லை. தள்ளிய பொட்டலங்களை எண்ணச் சொல்லி டிரைவரில் ஒரு கவுண்ட்டர் வைத்தவள் அவள்தான். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி எண்ணிக்கை, கடைசியாகத் தள்ளிய நேரம். டிரைவர் எழுதுகிறவர்கள் பழக்கத்தால் செய்கிற வேலை அது. வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்பது வருடத்தில் அவளும் பார்க்கவில்லை.

உணரியைச் சுற்றி மாதங்கள் போகப் போகத் தழும்பு வளரும், சிக்னல் மங்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மங்கினால் பொட்டலம் சிறுத்துப் போகும். முழு வாக்கியம் பேசுகிறவனுக்கே சிறுத்துப் போகுமென்றால், "ம்" என்று மட்டும் சொல்கிற மனிதனுக்கு?

கல்யாணமான புதிதில் அவள் அழுதிருக்கிறாள். ஒரு வரியாவது முழுசாப் பேசுங்களேன், ஒத்தை எழுத்துல குடும்பம் நடத்த முடியுமா என்று சண்டை போட்டிருக்கிறாள். இப்போது குறிச்சிக் கூடத்தில் வேலையில் இருந்த இம்தியாஸைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின் அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். நோயாளியின் உறவு என்பதால் அவளுக்கு இப்போது உள்ளே நுழைய அனுமதி கிடையாது.

"இம்தியாஸ், முப்பத்தேழாம் லைன்ல தள்ளுன பொட்டலம் எத்தனைன்னு பாரு."

"அக்கா, இன்னைக்கு எதுக்குக்கா இதெல்லாம்..."

"பாருடா!"

விசைகள் தட்டும் ஒலி.

"மத்த லைன்லயெல்லாம் ரெண்டாயிரம், மூவாயிரம் இருக்குதுக்கா. இதுல..." அவன் குரல் இறங்கியது. "எட்டு லட்சத்துக்கு மேல. இப்பக்கூட ஏறீட்டுத்தான் இருக்கு."

மதியம் இரண்டு மணிக்குத்தான் டாக்டர் வத்சலாவால் வர முடிந்தது. சுகிர்தா சொன்னதைக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நல்லவர். பதினோரு குடும்பங்களோடு உட்கார்ந்து அழுதவர். ஆனால் நம்பிக்கையோடு வருகிறவர்களை நிறையப் பார்த்தவர்.

"பழுதான உணரிகூட இப்படிக் குப்பையா அனுப்பும் சுகிர்தா. எண்ணிக்கை அதிகம்ங்கறதால அது பேச்சுன்னு ஆயிடாது."

"அப்ப அந்த வரியை எடுத்துட்டு, பொட்டலத்தை உள்ள விட்டுப் பாக்கலாங்க டாக்டர்."

"விடலாம்தான்," என்றான் மறுபடி போனில் வந்திருந்த இம்தியாஸ். "ஆனா மாத்தின டிரைவரை ஏத்தணும்னா ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் சோதனை ஓட்டணும். அவசரம்னு எழுதிக் குடுத்தாக்கூட, மணி நாலுக்குள்ள நடக்காதுக்கா."

மணி இரண்டே கால்.

சுகிர்தா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள விட வேண்டாங்க. எண்ணிக்கை ஏறுதா இல்லையான்னு மட்டும் பாருங்க. கேள்வி கேளுங்க டாக்டர். ஏறினா அவரு பேசறாருன்னு வெச்சுக்கங்க."

டாக்டர் யோசித்தார். போனை வாங்கி, எண்ணிக்கை ஏறுவதையும் நிற்பதையும் சொல்லிக்கொண்டே இருக்கும்படி இம்தியாஸிடம் சொல்லிவிட்டு, இவர்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காதபடி செய்தார். "இம்தியாஸுக்கு நம்ம கேள்வி தெரியக்கூடாது. அவர் பாட்டுக்கு ஏறுது, நிக்குதுன்னு மட்டும் சொல்லட்டும்."

நியாயமான ஏற்பாடு. பூபதியின் காதருகே குனிந்து டாக்டர் தெளிவாகச் சொன்னார். "பூபதி, ஆமான்னா பேச முயற்சி பண்ணுங்க. இல்லைன்னா சும்மா இருங்க. உங்க பேர் பூபதியா?"

"ஏறுது," என்றது போன்.

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பேர் கந்தசாமியா?"

"ஏறுது."

டாக்டர் அவளைப் பார்த்தார். "இது கோயமுத்தூரா?"

"ஏறுது."

"இது டெல்லியா?"

"ஏறுது."

பத்துக் கேள்வி. பத்துக்கும் ஏறியது. டாக்டர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபமில்லை. கோபமிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "மன்னிச்சுக்க சுகிர்தா. சத்தம் கேட்டா உணரி அதிருது, அவ்வளவுதான். இதை வெச்சு நான் குழுவை நிறுத்த முடியாது."

"ஐயோ, இல்லீங்க! அவரு எதுக்குமே இப்படித்தானுங்க. கேட்டுக்கிட்டேன்னு சொல்றதுக்கும் ம். செரிங்கறதுக்கும் ம். மாட்டேங்கறதுக்கும் ம்!" அவள் குரல் உடைந்து கத்தலானது. "பதினாலு வருஷமா இதே ரோதனைதானுங்க எனக்கு! ஏனுங்க, ஒருக்கா, ஒரே ஒருக்கா சும்மா இருக்கக்கூடாதா நீங்க?"

"ஏறுது," என்றான் ஒன்றும் அறியாத இம்தியாஸ்.

அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பிளாஸ்க்கோடு அந்தத் தகப்பன் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விலகினார். டாக்டர் கதவை நோக்கித் திரும்பினார்.

"ஒரு நிமிசம் நில்லுங்க டாக்டரம்மா." சம்பூர்ணம் எழுந்திருந்தாள். "அவன் ம் போடாம நிக்கற எடம் ஒண்ணு இருக்குதுங்க. கேள்வி கேட்டாக் காதுல உளுந்துச்சுன்னு ம் போடுவான். கதை சொன்னாலும் வரிக்கு வரி ம் கொட்டுவான், சின்னதுல இருந்தே. பொய் சொன்னா மட்டும் நின்னுருவான். எதுத்துப் பேசமாட்டான், ம்முங்கமாட்டான், மேல பாத்துக்கிட்டு நின்னுருவான்." தரையில் இருந்தவளைப் பார்த்தாள். "எந்திரி அம்மிணி. உங்க கல்யாணக் கதையச் சொல்லு. வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்தா எப்பவும் சொல்லுவியே, அப்படியே சொல்லு."

சுகிர்தாவுக்குப் புரிந்தது. அந்த நிலைமையிலும் காது மடல் சூடானது.

எழுந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கணவனின் காதருகே உட்கார்ந்தாள். போன் அவர்கள் நடுவே கிடந்தது.

"எங்கப்பா தோட்டத்துல லச்சுமின்னு ஒரு மாடு இருந்துச்சுங்க டாக்டர்."

"ஏறுது."

"கன்னு குறுக்க மாட்டிக்கிச்சு. ஊருக்குப் புதுசா வந்த டாக்டரைக் கூட்டியாந்தாங்க."

"ஏறுது."

"தோள் வரைக்கும் சேறும் ரத்தமுமா நின்னு கன்னை எடுத்தாரு. எடுத்துட்டு மாடு காதுல என்னமோ சொன்னாரு. மனுசங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை."

"ஏறுது."

"அப்பறம் மாடு நல்லா இருக்குதான்னு பாக்க வந்தாரு. ஒருக்கா இல்லீங்க, ஆறு தடவை. மாட்டுக்கு ஒண்ணுமேயில்லை."

"ஏறுது... ரெண்டு தடவை ஏறுச்சு," என்றது போன்.

சம்பூர்ணம் அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். சுகிர்தா மூச்சை இழுத்துக்கொண்டாள். பதினான்கு வருடமாக எல்லோரிடமும் சொன்ன அடுத்த வரி.

"ஆறாவது தடவை வந்தப்ப, தொழுவத்துல வெச்சு, உங்களைக் கட்டிக்கட்டுமான்னு அவருதான் என்கிட்ட கேட்டாரு."

போன் பேசவில்லை.

மூச்சுக் கருவி ஒருமுறை ஏறி இறங்கியது. மறுமுறையும். டாக்டர் போனைக் குனிந்து பார்த்தார், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று.

"நிக்குது," என்றான் இம்தியாஸ். "அக்கா, நின்னுருச்சு. இன்னும் நிக்குது. லைன்ல இருக்கீங்களா?"

"அவரு கேக்கலீங்க," என்றாள் சுகிர்தா. வார்த்தைகள் கண்ணீரில் வழுக்கின. "நாந்தான் கேட்டேன். மாட்டைப் பாக்க வர்றீங்களா என்னையப் பாக்க வர்றீங்களான்னு கேட்டேன். கட்டிக்கறீங்களான்னும் நாந்தான் கேட்டேன். இவரு ம்முன்னாரு. அவ்வளவுதானுங்க நடந்தது."

"ஏறுது! அக்கா, ஏறுது, கடகடன்னு ஏறுது!"

டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உணரி ஓய்ந்து போயிருக்கலாம் என்றார். அவரே சொல்லிப் பார்த்தார். நான் டாக்டர் வத்சலா. ஏறியது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். ஏறியது. நேற்று உங்களைப் பார்க்க நான் வந்தேன். நின்றது. நேற்று அவர் விடுமுறையில் இருந்தார். நான்கு பொய்களுக்கு நான்கு முறை நின்ற பிறகு, டாக்டர் தன் போனை எடுத்துக் குழுவின் தலைவரை அழைத்தார். குரல் நடுங்காமல் பேசினார். "முப்பத்தேழு மூடலை சார். பேஷன்ட் உள்ள இருக்கார்."

சுகிர்தா கணவனின் மழித்த கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நாற்பது நாள். தினமும் வந்து பேசியிருக்கிறாள். அரிசி விலை, மழை, பக்கத்து வீட்டு நாய் போட்ட குட்டிகள், மனுவுக்கு வந்த பதில். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவன் "ம்" கொட்டியிருக்கிறான். ஒவ்வொரு "ம்"மையும் வாசலில் நிறுத்தி, பிரித்துக்கூடப் பார்க்காமல் தள்ளியது அவள் எழுதிய வரி.

வராந்தாவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தகப்பன் வாசலில் வந்து நின்றார். "நல்லதுங்க அம்மிணி. பொழச்சுக்கிட்டாருங்களே, நல்லது," என்றார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார். அவர் நடையைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் போனின் ஒலியைத் திறந்து, நடந்ததை இம்தியாஸிடம் சொன்னார். அவன் சந்தோஷப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"அக்கா," என்றான். "நீங்க பேசீட்டிருந்தப்ப நான் லிஸ்ட்டைக் கீழ வரைக்கும் பாத்தேன். புது ஆளுக்குப் புது நம்பர் தர்றதால, மூடின லைனுங்களோட எண்ணிக்கையும் அப்படியே இருக்குது. மூணு வருஷமா டிரைவரை நிறுத்தவே இல்லையில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொண்ணுக்கும் லட்சக்கணக்குல இருக்குதுக்கா. கடைசியா ஏறுன நேரமும் இருக்குது. நாலாம் லைன்ல... ஆடி மாசம், சாயங்காலம் நாலு பதினேழு."

டாக்டர் வத்சலா மெதுவாகக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கோமதி டீச்சரின் மூச்சுக் கருவியை நிறுத்தியது எத்தனை மணிக்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அதுல எது பேச்சு, எது இரைச்சல்னு இனிமே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க டாக்டர். பொட்டலம் போயிருச்சு. எண்ணிக்கை மட்டுந்தான்." இம்தியாஸ் தயங்கினான். "இன்னொண்ணு. அண்ணனைப் பேச வெக்கணும்னா மாத்தின டிரைவரை ஏத்தணும். பழசை இறக்கினா கவுண்ட்டர் எல்லாம் பூஜ்ஜியத்துக்குப் போயிரும். பழைய எண்ணிக்கை வேற எங்கயும் இல்லை. குறிச்சு வெக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். அந்த வரிக்கு மேல உங்க பேருதாங்க்கா இருக்குது."

டாக்டர் எழுந்து கதவருகே நின்றார். "பதினொண்ணுலயும் என் கையெழுத்து இருக்கு. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அஞ்சு நிமிஷம் வெளியே நிக்கறேன்." வெளியே போனார்.

கதவு மூடியதும் சம்பூர்ணம் அவள் தோளைப் பற்றினாள். "வாயத் தொறக்காத அம்மிணி. போனவிய போயிட்டாங்க. அந்தப் புள்ளைகளுக்கு இதச் சொல்லி என்னத்தைக் கெடைக்கப் போகுது? உன்னையக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. அப்பறம் இவனை யாரு பாப்பா?"

அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. சுகிர்தாவுக்கு டீச்சரின் மகள் கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. உள்ள அம்மா இல்லைன்னு தெரிஞ்சப்பறந்தானுங்க்கா. அந்த நினைப்பில்தான் அந்தப் பெண் தூங்கி எழுகிறாள். அதைப் போய்ப் பிடுங்குவதா? நாலு பதினேழு வரைக்கும் உங்கம்மா எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதா? எதை என்று கேட்டால்?

அவள் போனின் ஒலியை அந்தப் பக்கம் கேட்காதபடி அடைத்தாள். கணவனின் காதோரம் குனிந்தாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவனிடம்தான் சொல்வாள். அது மாறவில்லை.

"கேட்டீங்களாங்க எல்லாத்தையும்?"

"ஏறுது," என்றான் இம்தியாஸ்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"ஏறுது."

அவன் நெற்றியை வருடினாள். விரல்கள் ஈரமாக இருந்தன. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டால் போதும். அவன் எப்போதும்போல "ம்" என்றுவிட்டால் போதும். வாழ்நாளெல்லாம் திட்டிய அந்த ஒற்றை எழுத்துக்காக அவள் இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நான் தெரிஞ்சு எதும் பண்ணலீங்க. அவிய எல்லாரும் நிம்மதியாத்தான் போனாங்க. யாருகிட்டயும் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. இல்லீங்களா?"

மூச்சுக் கருவி ஏறி இறங்கியது.

"நிக்குதுக்கா," என்றான் இம்தியாஸ்.

அவள் காத்திருந்தாள். சம்பூர்ணம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. கண்கள் மேலே விட்டத்தைப் பார்த்தபடி இருந்தன.

"இன்னும் நிக்குது. ஏங்க்கா, என்னாச்சு? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

சுகிர்தா நிமிர்ந்து, அவகாச மனுக்களின் நகல்கள் இருந்த கோப்பை எடுத்து, கடைசித் தாளைப் பின்பக்கம் திருப்பினாள். சம்பூர்ணத்தின் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். சம்பூர்ணம் தடுக்கவில்லை.

போனின் ஒலியைத் திறந்தாள்.

"இம்தியாஸ், புதுசை ஏத்தறதுக்கு முன்னால, மூடுன லைன் ஒவ்வொண்ணாப் படி. எண்ணிக்கை, கடைசி நேரம், ரெண்டும். நான் எழுதிக்கறேன். நீயும் எழுதிக்க."

"அக்கா, நல்லா யோசிச்சீங்களா?"

"நாலாம் லைன்ல இருந்து ஆரம்பி."

தாளின் மேல் அவள் பேனா காத்திருந்தது.

"படிக்கறேங்க்கா," என்றான். உடனே, "இருங்க... முப்பத்தேழு மறுபடி ஏறுது."